இல்லத்திலே ஒலிப்பதிவு
பாட்டையோ பிரசங்கத்தையோ இல்லத்திலேயே பதிவு செய்ய விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய விஷயம், மைக்கிலிருந்து புறப்படும் மின்சமிக்ஞை சில மில்லிவோல்ட் அளவேயான அதிசூட்சுமமானது என்பதும், அதை ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்துவதே பிரீஆம்ப் என்னும் சாதனத்தின் பிரதான காரியம் என்பதுமாகும். அவ்விதம் பலம் பெற்ற சமிக்ஞையை, ஹெட்செட்டுக்கென்றே அமைந்த லேப்டாப்பின் சிறு துவாரத்தில் நேராகச் செலுத்தினால் நாதம் கரகரத்துச் சிதைந்துபோகும். ஆகையால் நடுவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸை வைத்து, அதன் லைன் வாயிலில் பிரீஆம்பைச் சேர்ப்பதே உசிதம். அந்தப் பெட்டியே ஒலியை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து, எண்களாக்கி, யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. கண்டென்சர் மைக்காயின் பிரீஆம்பிலுள்ள 48 வோல்ட் விசையைப் போட்டு, உச்சஸ்தாயியிலும் திரையில் காணும் ஒலியளவு மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி குமிழைத் திருப்பி வைத்தால், குரலின் நுண்ணிய கமகங்களும் பழுதின்றிப் பதிவாகும்.