பிளகின் அவங்களோடது, கடை நம்மளோடது



இந்த வார எபிசோட்ல பிளகின் எரர் பத்திப் பேச ஆரம்பிச்சோம், பாதியிலேயே நேரம் முடிஞ்சுபோச்சு. மிச்சத்தை இங்கே எழுதறேன். கோட் எழுதத் தெரியாதவங்களும் தாராளமாப் படிக்கலாம்.

முதல்ல என் கதை. ஷார்ஜாவுல அப்பாவோட நண்பர் ஒருத்தர் சின்னதா ஒரு பிரியாணிக் கடை வெச்சிருக்கார். அவருக்கு ஆர்டர் எடுக்கற வெப்சைட்டை நான்தான் செஞ்சு கொடுத்தேன். கூப்பனுக்கு ஒரு பிளகின், பேமென்ட்டுக்கு ஒரு பிளகின், ரெண்டுமே வெளியார் எழுதினது. ரமலான் மாசம், இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, கூப்பன் பிளகின் ஒரு எரரை வீசிச்சு. மொத்த சைட்டும் வெள்ளைப் பக்கமாயிடுச்சு.

"அங்கிள், அது என் கோட் இல்ல, பிளகின்ல பிரச்சனை"ன்னு சொன்னேன்.

"தம்பி, கஸ்டமர் பிளகினுக்கா போன் போடறாங்க? எனக்குத்தானே போடறாங்க!"

பதில் சொல்ல முடியல.

இதே விஷயம் உலக அளவுல நடந்தது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. துபாய் நேரப்படி காலை 8.09-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன்னோட ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் ஃபைலை அனுப்பியது. 9.27-க்கே அதைத் திரும்ப எடுத்துட்டாங்க. ஆனா அந்த 78 நிமிஷம் போதுமா இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. இந்திய விமான நிலையங்கள்ல கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. துபாய் ஏர்போர்ட்ல டெர்மினல் 1, 2-ல சில ஏர்லைன்ஸோட செக்-இன் தடைபட்டது.

காரணம் என்ன? அந்த அப்டேட் 21 தகவல்களை எதிர்பார்த்தது. ஃபால்கனுக்குள்ள இருந்த கோட் கொடுத்தது 20 தான். இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய் விழுந்துடுச்சு. சாதாரண ஆப்பா இருந்தா அது மட்டும் மூடியிருக்கும். ஃபால்கன் ஓடினது விண்டோஸோட கெர்னலுக்குள்ள. அங்கே விருந்தாளி விழுந்தா வீடே விழும். மறுபடி ஆன் பண்ணா அதே ஃபைல், அதே நீலத் திரை. பல இடங்கள்ல ஆள் நேர்ல போய், சேஃப் மோடுல திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

பெட் ஸ்பேஸ் ஃபிளாட் பார்த்திருப்பீங்க. ரூமுக்கு ஒரு பிரேக்கர் இருந்தா, ஒருத்தரோட இஸ்திரிப் பெட்டி ஷார்ட் ஆனாலும் மத்த ரூம்ல லைட் எரியும். மென்பொருள்லயும் அதேதான். ஃபயர்ஃபாக்ஸ் 2010-லேயே ஃப்ளாஷ் மாதிரி பிளகின்களைத் தனி பிராசஸ்ல ஓட வெச்சது. ஃப்ளாஷ் செத்தாலும் பிரவுசர் நிக்கும். விஎஸ் கோடும் எக்ஸ்டென்ஷன்களைத் தனியாத்தான் ஓட்டுது.

என் சைட்டுக்கு நான் போட்ட பிரேக்கர் ட்ரை-கேட்ச். எல்லா பிளகினையும் அதுக்குள்ள சுத்தினேன், கேட்ச் பகுதியைக் காலியா விட்டேன். இப்போ எதுவும் விழாதுன்னு ஒரே பெருமை.

அடுத்த வாரம் பேமென்ட் பிளகின்ல எரர். கேட்ச் அதைச் சத்தமில்லாம முழுங்கிடுச்சு. பணம் வராத ஆர்டர் எல்லாம் 'பெய்ட்'னு சமையலறைக்குப் போய், பிரியாணியும் டெலிவரி ஆயிடுச்சு. ராத்திரி கணக்கு பார்க்கும்போதுதான் தெரிஞ்சது. அந்தக் காசை நான் கொடுத்தேன். அங்கிள் வேண்டாம்னு சொல்லல.

வெள்ளைப் பக்கத்தைவிட அது மோசம். எரரைப் பிடிக்கறது பாதி வேலை; பிடிச்சு என்ன பண்றோம்ங்கறதுதான் மீதி. இப்போ ஒவ்வொரு பிளகினுக்கும் நான் கேட்கற கேள்விகள்:

ஒண்ணு, இது விழுந்தா கடை நடக்கலாமா? கூப்பன் போனா போகட்டும், முழு விலைக்கு விற்கலாம். பேமென்ட் போனா ஆர்டர் நிக்கணும், இல்ல கேஷ் ஆன் டெலிவரிக்கு மாறணும். அன்னிக்கு துபாய் ஏர்போர்ட்ல அந்த ஏர்லைன்ஸ் சீக்கிரம் மீண்டதுக்குக் காரணம், மாற்று சிஸ்டம் தயாரா இருந்தது.

ரெண்டு, எரரும் வராம பதிலும் வராம இருந்தா? டைம் அவுட் வைங்க. சில விநாடி பார்த்துட்டு நகர்ந்துடணும்.

மூணு, யார் விழுந்தாங்கன்னு பேரோட பதிவாகுதா? வேர்ட்பிரஸ் 5.2-ல (2019) இதை அழகா செஞ்சாங்க. எந்தப் பிளகின் விழுந்ததுன்னு நிர்வாகிக்கு மெயில் போகும், அதை நிறுத்தி வெச்சுட்டு உள்ளே போக ஒரு லிங்க்கோட.

இந்த வீக்கெண்டு ஒரு வேலை செய்யுங்க. உங்க ப்ராஜெக்ட்டோட டெஸ்ட் காப்பியில, ஏதாவது ஒரு பிளகினுக்குள்ள வேணும்னே ஒரு எரரை வீசிப் பாருங்க. எது விழுது, எது நிக்குதுன்னு இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.