கரண்டை சுளுக்கினால் உருவாதீர்கள்!

வுழூச் செய்யும்போது கால்களைக் கரண்டை உட்படக் கழுவுகிறோம். ஸூரதுல் மாஇதாவின் 6ஆவது வசனத்தில் இதற்கு 'கஅபைன்' எனும் சொல் வந்துள்ளது. அறபியில் இது இருமைச் சொல். ஒவ்வொரு காலிலும் உள்ளும் புறமுமாகப் புடைத்து நிற்கும் இரண்டையுமே இது குறிக்கும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் விளக்கமாகும். தினமும் பல தடவை நம் கைபடும் இந்த இடத்தின் அமைப்பை ஒவ்வொரு தாயும் அறிந்திருப்பது நல்லது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறத்தில் இருப்பது தடித்தது. வெளிப்புறத்தில் இருப்பது மெல்லியது. இவற்றின் கீழ் நுனிகளே அந்த இரு புடைப்புகள். இரண்டுக்கும் நடுவே, கவ்விப் பிடித்தாற்போல், பாதத்தின் மேலெலும்பு அமர்ந்துள்ளது. இதுவே கரண்டை மூட்டு. பாதத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் இது உதவுகிறது. இதற்குக் கீழே, குதிகால் எலும்போடு இன்னொரு மூட்டு உண்டு. மேடு பள்ளத்தில் நடக்கும்போது பாதம் உள்ளும் புறமும் சரிந்து கொடுப்பது இதனால்தான். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. ஸுப்ஹானல்லாஹ்!

எலும்பை எலும்போடு பிணைத்து வைப்பவை பிணைநார்கள். கரண்டையின் உட்புறத்தில் விசிறிபோல் விரிந்த உறுதியான நார் உள்ளது. வெளிப்புறத்திலோ தனித்தனியாக மூன்று நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதே பலம் குறைந்தது. படியில் கால் பிசகி, பாதம் உட்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் இதுதான் முதலில் கிழிகிறது. ஆகவே, சுளுக்கு என்பது 'நரம்பு புரண்டது' அல்ல. நார் இழுபட்டது அல்லது கிழிந்தது.

இதை அறியாமல் எண்ணெய் பூசி உருவுகிறோம், சொடக்கெடுக்க இழுக்கிறோம். கிழிந்த நார் மேலும் கிழியும்; வீக்கம் கூடும். எலும்பு வெடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவுவதும் சுடுநீர் ஒத்தடமும் வேண்டாம். காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வையுங்கள். இரத்த ஓட்டம் தடைப்படாதவாறு பெண்டேஜ் சுற்றி, படுத்த நிலையில் காலைத் தலையணைகள் மீது உயர்த்தி வையுங்கள்.

எப்போது எக்ஸ்ரே தேவை? கனடா நாட்டு வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகள் இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றன. நான்கு எட்டு நடக்க முடியாவிட்டால், அல்லது புடைப்பு எலும்புகளின் பின்விளிம்பையோ கீழ்நுனியையோ அழுத்தும்போது வலித்தால், அல்லது நடுப்பாதத்தின் உட்புற, வெளிப்புற எலும்புகளை அழுத்தும்போது வலித்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாமலே எலும்பு முறிந்திருக்கலாம். அவர்கள் வலியை நம்பியிராமல் வைத்தியரிடம் காட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

நார் ஆற வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்துள்ளது. வலி குறைந்த பின், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நின்று பழகுங்கள். இப்பயிற்சி இல்லாமற் போனால் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகக்கூடும்.

சகோதரிகளே! வீங்கிய காலோடு அடுப்படியில் நிற்பது பொறுமையல்ல. இரண்டு நாள் சமையலைப் பிள்ளைகளும் கணவரும் பார்த்துக்கொள்ளட்டும். கால் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.