பழைய பாய்க்கப்பலின் பூர்வீகம்

அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றின் மூலையிற் கிடக்கும் பழைய பாய்க்கப்பலை ஒருவர் விலைக்கு வாங்குகின்றார் என வைத்துக்கொள்வோம். மரம் கறுத்துவிட்டது, பாய்கள் இல்லை, பின்புறத்தில் எழுதியிருந்த பெயரும் பாதி அழிந்துவிட்டது. விற்பவரோ கதைகளுக்குக் குறைவு வைப்பதில்லை. அரச குடும்பத்தார் ஒருவர் ஏறிச் சென்ற கப்பல் என்பார். இன்ன போட்டியில் வென்ற கப்பல் என்பார். வாங்கியவர் அதனைச் செப்பனிடத் தம் கைப்பொருள் முழுவதையும் செலவிட வேண்டியிருக்கும். ஆகவே, கதைகளில் எது உண்மை என்று அறிவது அவருக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

அவர் முதலிற் பார்க்கவேண்டியது பெயரை அன்று. கப்பலின் பெயர் ஆடையைப்போல மாறக்கூடியது. மாறாதது அதன் பதிவு இலக்கமே. 1894ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம், பதிவுபெற்ற ஒவ்வொரு கப்பலின் பிரதான குறுக்குவிட்டத்திலும் அதன் இலக்கத்தையும் பதிவு நிறையளவையும் செதுக்கிவைக்குமாறு விதித்தது. மையால் எழுதுவதன்று, உளியால் வெட்டுவது. கப்பல் பத்துக் கைகள் மாறினும், அயல்நாட்டாருக்கு விற்கப்பட்டுப் பிரித்தானியப் பதிவு மூடப்பட்டாலும், மரத்தில் வெட்டிய இலக்கம் அங்கேயே இருக்கும். பல படைகளாகப் பூசிய வர்ணத்தைச் சுரண்டியபின் அந்த இலக்கங்கள் தோன்றும்போது வாங்கியவர் அடையும் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்யப்படாத சிறு கப்பல்களுக்கு இந்த வசதி கிடையாது என்பதையும் மறத்தலாகாது.

இலக்கம் கிடைத்துவிட்டால் துறைமுகப் பதிவேட்டின் கதவு திறக்கும். பிரித்தானிய வழக்கில் ஒரு கப்பலின் உரிமை 64 பங்குகளாகப் பிரிக்கப்படும். எவர் எத்தனை பங்கு வைத்திருந்தார், அவர் செய்த தொழில் என்ன, எந்நாளில் எவருக்கு விற்றார், கப்பலை ஈடு வைத்துக் கடன் வாங்கினாரா என்பனவெல்லாம் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இதனோடு ஒப்பிடுதற்கு உதவுவது லோயிட்ஸ் நிறுவனத்தின் உல்லாசக் கப்பற் பதிவேடு. 1878 முதல் 1980 வரை வெளிவந்த அந்நூலில் கப்பலை வரைந்தவர், கட்டியவர், கட்டிய ஆண்டு, அளவுகள், முன்னைய பெயர்கள் முதலியன காணப்படும்.

இங்கே அவசரப்படுவோர் இடறி விழும் இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, நீளம். பதிவேட்டு நீளம் முன்கம்பத்திலிருந்து பின்கம்பம் வரை அளக்கப்படுவது. மேற்றளத்தின் நீளமோ அதனினும் கூடுதலாக இருக்கலாம். இரண்டு எண்களும் பொருந்தாமை கண்டு, இது வேறு கப்பல் என்று கைவிட்டவர் உண்டு. மற்றையது, ஓராண்டுப் பதிவேட்டில் ஒரு பெயர் காணாமற் போவது. கப்பல் அழிந்தது என்பதற்கு அது சான்றாகாது. கப்பல் கடல் கடந்து விற்கப்பட்டிருக்கலாம். உரிமையாளர் தகவல் அனுப்பச் சோம்பியிருக்கவுங்கூடும்.

பெயர் மாற்றம் எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்கு வல்வெட்டித்துறையே சான்று. 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த பாய்க்கப்பலுக்கு "புளோரன்ஸ் சி. றொபின்சன்" என்று பெயர். பெயரை மட்டும் பார்ப்பவர் அதன் பிறப்பிடத்தை அமெரிக்காவிலேயே தேடுவார். உண்மையில் அது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட "அன்னபூரணி". உலகைச் சுற்றிய மாலுமி வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அதனைச் செலுத்திச் சென்றோரும் வல்வெட்டித்துறை மாலுமிகளே.

பூர்வீகம் ஒரு கப்பலையே காப்பாற்றியதற்கு "டலி ஹோ" என்னும் கப்பல் எடுத்துக்காட்டு. வேட்டைக்காரர் நரியைக் கண்டதும் எழுப்பும் கூவல் அது. 1910இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஷோரம் என்னும் ஊரில் ஸ்டோ என்னும் கப்பற்றொழிலாளர் அதனைக் கட்டினர். அதற்கு அப்போது இட்ட பெயர் "பெற்றி". வரைந்தவர் அல்பேட் ஸ்ட்ரேன்ஞ்; ஸ்காபரோ நகரத்துச் சித்திரப் பாடசாலையின் தலைமையாசிரியர். படகு வரைதல் அவருக்கு ஓய்வுநேரக் கலைதான். ஆயினும், ஏறத்தாழ 48 அடி நீளமுள்ள அந்தக் கப்பலின் வடிவத்திற் சித்திரக்காரரின் கண்ணும் கடலோடியின் அனுபவமும் ஒருங்கே தெரியும்.

1927இல் நடைபெற்ற பாஸ்ற்நெற் போட்டியே அதற்குப் புகழ் தேடித்தந்தது. இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, அயர்லாந்தின் தென்மேற்கே தனித்து நிற்கும் பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிப் பிளிமத் துறைமுகத்துக்கு மீளவேண்டும். தூரம் 600 கடல்மைலுக்கு மேல். அவ்வாண்டு பெரும் புயல் வீசிற்று. பத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. போட்டியை முடித்தவை இரண்டே. அமெரிக்கக் கப்பலாகிய "லா கொலெற்றா" முந்தி வந்தது. எனினும், கப்பலின் அளவுக்கேற்பக் காலத்தைக் கணித்தபோது வெற்றி, சிறிது பின்னால் வந்த ஸ்டால்பிறிட்ஜ் பிரபுவின் "டலி ஹோ"வுக்கே கிடைத்தது.

அதன்பின் கப்பல் கைமாறிக் கைமாறிப் பசிபிக் சமுத்திரத்தை அடைந்தது. 1960களின் பிற்பகுதியிற் குக் தீவுகளைச் சேர்ந்த மனுவாயே பவளப்பாறையில் மோதிற்று. மற்றொரு கப்பலாயின் கதை அங்கேயே முடிந்திருக்கும். மீட்டுச் செப்பனிட்டு, கடைசியில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் அதனை மீன்பிடிக்க விட்டனர். பிரபு ஏறிய தளத்தில் மீன் குவிந்தது. பிறகு ஒறிகன் மாநிலத்துப் புறுக்கிங்ஸ் துறைமுகத்திற் கரையேற்றப்பட்டு, மழையிலும் வெயிலிலும் கேட்பாரற்று உளுத்தது.

துறைமுகத்தார் கண்ணுக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பழைய மீன்பிடிப் படகு. ஸ்ட்ரேன்ஞ் வரைந்த கப்பல்களைப் பேணுதற்கென இங்கிலாந்தில் அமைந்த சங்கத்தாருக்கோ அதன் பூர்வீகம் முழுவதும் தெரியும். அதனை உடைத்தழிய விடாது பொறுப்பேற்ற அவர்கள், தக்க ஒருவரைத் தேடினார்கள். 2017இல் லியோ கூல்டன் என்னும் இளம் ஆங்கிலேயப் படகுத் தச்சர் பெயரளவு விலைக்கு அதனைப் பெற்றார். வொஷிங்டன் மாநிலத்துக்குக் கொண்டுசென்று, தாம் செய்யும் வேலையைப் படம்பிடித்து உலகத்தார்க்குக் காட்டி, அவர்கள் அனுப்பிய பணத்தால் வேலையை நடத்தினார்.

ஏரா என்னும் அடிக்கட்டை புதிது, வங்குக்கால்கள் புதியன, பலகையும் தளமும் புதியன. பழைய மரத்தில் எஞ்சியது மிகச் சிறிது. அப்படியாயின் அது அதே கப்பல்தானா என்று கேட்போர் இருந்தனர். கூல்டன் அனைத்தையும் ஒரேயடியாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவில்லை. பழைய உறுப்பு நிற்கும் இடத்திலேயே, அதன் அளவிலேயே, புதிய உறுப்பைப் பொருத்திக்கொண்டு சென்றார். பழைய மரக்கலங்கள் செப்பனிடப்பட்ட முறையும் இதுதான். இங்கே எல்லா உறுப்புகளும் ஒரே தச்சர் காலத்தில் மாறின என்பதே வேறுபாடு. ஸ்ட்ரேன்ஞ் வரைந்த வடிவம் கோடு பிசகாமல் நின்றது.

ஏழாண்டு வேலைக்குப் பின், 2024இல் போர்ட் டவுன்சென்ட் துறைமுகத்தில் "டலி ஹோ" மறுபடி நீரில் இறக்கப்பட்டது.