ஊசித்துளைப் படத்தில் ஓரங்கள் இருளுவது ஏன்?

லென்ஸின்றி ஊசித்துளை ஒன்றை மட்டும் கொண்டு படம் எடுக்கும் பெட்டி, ஒளி நேர்கோட்டில் செல்வதை மாணவர்க்கு விளக்க மிகவும் ஏற்ற கருவியாகும். ஆயினும் அதில் எடுத்த படம் நடுவில் வெளிச்சமாகவும் ஓரங்களில் இருண்டும் அமைவதுண்டு. மாணவன் செம்மையாகச் செய்யவில்லை என்று எண்ணிப் பெட்டியை ஒதுக்கிவிடுதல் தவறு. குறைவறச் செய்த பெட்டியிலும் இவ்விருள் தோன்றும். அது பெட்டியின் வடிவினால் விளைவது. ஆகவே வடிவை மாற்றி அதனைக் குறைக்கவும் இயலும்.

துளைக்கு எதிரே தட்டையாக வைத்த தாளைக் கருதுவோம். ஓரத்திற்குச் செல்லும் ஒளி மூவகையில் குறைகிறது. முதலாவது, சாய்வாக நோக்குகையில் வட்டத்துளை நீள்வட்டமாக ஒடுங்குகிறது. இரண்டாவது, ஓரம் துளையினின்று அதிகத் தொலைவில் உள்ளது. தொலைவின் இருமடிக்கு ஏற்ப ஒளி குறையும். மூன்றாவது, கதிர் தாளின்மீது சரிந்து விழுவதால் மிகுந்த பரப்பில் பரவுகிறது. கோணம் 45 பாகையாயின் எஞ்சும் பங்குகள் முறையே 0.71, 0.5, 0.71 ஆகும். இவற்றைப் பெருக்கினால், நடுவில் விழும் ஒளியில் கால் பங்கே ஓரத்திற்குக் கிட்டுகிறது என்பது விளங்கும்.

தட்டைத் தாளுக்குரிய எளிய பரிகாரம் பெட்டியின் ஆழத்தைக் கூட்டுவதாகும். 10 செ.மீ. அகலமுள்ள தாளைத் துளையிலிருந்து 5 செ.மீ. தொலைவில் வைத்தால், பக்க ஓரத்தின் நடுவில் கோணம் 45 பாகை. 10 செ.மீ. தொலைவில் வைத்தால் அங்கே 64 சதவீத ஒளி விழும். ஆனால் படத்தில் அடங்கும் காட்சி குறுகும். அதே துளைக்கு 4 மடங்கு நேரமும் வேண்டும்.

இதனினும் சிறந்த வழி வட்டமான தகர டப்பாவைப் பயன்படுத்துவது. பக்கச் சுவரின் நடு உயரத்தில் துளையிட்டு, எதிர்ச் சுவரின் உட்புறத்தை ஒட்டித் தாளை வளைத்து வைக்க வேண்டும். ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்லத் தாள் துளையை நெருங்குகிறது. அந்நெருக்கத்தால் கூடும் ஒளி, ஏனைய இரு இழப்புகளையும் சரியாக ஈடு செய்கிறது. எனவே அகலவாட்டில் வெளிச்சம் சீராக அமையும். மேலும் கீழும் மட்டும் சிறிது குறையும். கட்டடத்தின் நேரான விளிம்புகள் படத்தில் வளைந்து தோன்றும் என்பதையும் மாணவர்க்கு முன்னரே கூறுதல் நன்று.

துளையிடும் தகட்டின் கனமும் கவனித்தற்குரியது. 0.4 மி.மீ. துளையை 0.4 மி.மீ. கனமுள்ள தகட்டில் இட்டால் அது குழாய் போலாகி, 45 பாகையில் நேர் ஒளியை முற்றிலும் தடுத்துவிடும். ஆதலால் டப்பாவில் பெரிய துளை வெட்டி, அதன்மேல் ஊசியால் துளைத்த மெல்லிய தகட்டை ஒட்டுக. துளையின் பிசிரை உப்புத்தாளால் தேய்த்து நீக்குக.

எடுத்து முடிந்த படத்தையும் ஓரளவு திருத்தலாம். பிரிண்ட் போடுகையில், நடுவில் வட்டமாக வெட்டிய அட்டையை நெகடிவுக்கு மேலே பிடித்து, இடைவிடாது அசைத்து, நடுப்பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்க வேண்டும். ஓரங்கள் அளவுக்கு மீறிக் கறுப்பது இதனால் தடுக்கப்படும்.

குறையின் காரணத்தை அறிய, சீராக வெளிச்சம் படும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கவும். எல்லாப் புறமும் ஒரே அளவில் இருண்டால் காரணம் மேற்கூறிய வடிவமே. நெகடிவில் ஒருபுறம் மட்டும் கறுப்புத் திட்டு இருப்பின் பெட்டியில் ஒளி கசிகிறது எனக் கொள்க. அப்பொழுதே பெட்டியைச் செப்பனிடுதல் வேண்டும்.