மரத்தரை ஏன் முனகுகிறது?

இரவு பதினொன்றரை மணி. குழந்தைகள் தூங்கியாகிவிட்டது. மின்விசிறியைத் தவிர வீட்டில் வேறு ஓசை இல்லை. திடீரென்று கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம்! எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிறீர்கள். ஒருவரையும் காணோம். ஆசை ஆசையாகப் போட்ட தேக்குப் பலகைத் தரை ஒன்றும் அறியாததுபோல் பளபளக்கிறது.

பயப்படாதீர்கள். திருடனுமில்லை, பேயுமில்லை. இறுகிக் கிடந்த பலகை ஒன்று சற்றே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐப்பசி அடைமழையில் கொல்லைக் கதவு நிலையோடு பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பதையும், பங்குனி வெயிலில் தானாகவே சாதுவாகி விடுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெட்டி, இழைத்து, மெருகு பூசினாலும் மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பதையும் வெளியே விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதமாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவிகிதம் நீரை வைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 80 ஆனால் அது சுமார் 16 ஆகிவிடும். மாதக் கணக்கில் குளிர்சாதனம் ஓடிய அறையில், மழைக் காலத்தில் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

நீளவாட்டில் மரம் அநேகமாக மாறுவதில்லை. அகலவாட்டில்தான் சேஷ்டை. பத்தடி அகலத் தேக்குத் தரையின் ஈரம் 4 சதவிகிதம் கூடினால், தடுப்பார் இல்லாத பட்சத்தில், அது முக்கால் அங்குலத்துக்கு மேலேயே விரியக்கூடும். தேக்கு மரங்களில் பரம சாது! அமெரிக்கச் சிவப்பு ஓக் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

அத்தனையும் எங்கே போகும்? சுவரை முட்டும். அங்கே இடமில்லாவிட்டால் நடுவே கூடாரம்போல் எழும்பிவிடும். ஆகவே நான்கு சுவரோரமும் அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரோடு பொருத்தும் ஸ்கர்ட்டிங் பலகை அதை மறைத்துவிடும். "சந்தே தெரியாமல் நெருக்கிப் போடுங்கள்" என்று தச்சரை விரட்டும் வீட்டுக்காரர்கள்தான் பிற்பாடு அவரையே திட்டுகிறார்கள்.

அவசரமும் ஆகாது. பலகைகளைப் பிரித்து, காற்றுப்பட அடுக்கி, அந்த அறையிலேயே சில நாட்கள் கிடக்க விடுங்கள். கீழே சிமெண்டு தளம் புதிதென்றால் இன்னும் பொறுமை வேண்டும். ஓர் அங்குல கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் கணக்கு. சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தால் தச்சரைத் திருப்பி அனுப்பிவிடலாம்!

நடக்கும்போது வரும் 'கிறீச்' வேறு விஷயம். அடிச் சட்டத்திலிருந்து பலகை சற்றுத் தளர்ந்திருக்கும். கால் வைத்ததும் அது ஆணியில் ஏறி இறங்கி உரசும். இந்தச் சத்தத்தாலேயே உலகப் புகழ் பெற்ற தரை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. கியோத்தோ நகரில் டோகுகாவா இயெயாசு 1603-ல் கட்டிய நிஜோ கோட்டையின் தாழ்வாரத்தில் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பறவை கூவுவதுபோல் ஒலிக்கும். பதுங்கி வரும் பகைவனைக் காட்டிக்கொடுக்கவே அப்படி அமைத்தார்கள் என்பது கதை. நாளடைவில் ஆணியும் இரும்புப் பட்டையும் தளர்ந்ததால் வந்த ஒலி என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

நம் வீட்டில் பறவை கூவ வேண்டாமே! ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடியில் உரசுவதனால் சத்தம் வந்தால், சந்தில் கொஞ்சம் முகப்பவுடரைத் தூவித் துணியால் தேய்த்து விடுங்கள். சில மாதம் அடங்கியிருக்கும். ஆணிதான் காரணமென்றால் பவுடரால் பயனில்லை. அந்த இடத்தில் பலகையைத் திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்க வேண்டும்.

வாளித் தண்ணீரைக் கொட்டித் துடைக்கும் பழக்கத்தை இந்தத் தரையிடம் காட்டாதீர்கள். பிழிந்த துணியே போதும். எப்போதாவது பலகைகளின் ஓரம் தூக்கி, நடு குழிந்து காணப்பட்டால், அடிப்பக்கம் ஈரமாகியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் கசிவு எங்கே என்று தேடுங்கள். உடனே இழைத்துச் சமன் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரம் வற்றியதும் ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாகிவிடும். ஒரு கோடை போகட்டும், பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள்.