கடலடி வாயு விளக்கான கதை



சென்ற மாதம் ஐந்தாம் வகுப்பில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அம்மா அடுப்பில எரிக்கிற கேஸ்லயா ஊருக்கே கரண்டு எடுக்கிறாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாடநூலை மூடி வைத்துவிட்டு, இந்துமாக்கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கதையைச் சொன்னேன். அதையே இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தான்சானியா என்றொரு நாடு இருக்கிறது. காப்பி, தேயிலை, கயிறு திரிக்க உதவும் கற்றாழை நார் ஆகியவை அங்கே தோட்டப் பயிர்கள். நம்மைப் போலவே தோட்ட வேலையை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு.

அந்நாட்டின் தென்கரைக்கு அப்பால் சோங்கோ சோங்கோ என்ற சின்னஞ்சிறு தீவு உள்ளது. 1974-ஆம் ஆண்டில் இத்தாலிய நிறுவனம் ஒன்று அங்கே ஆழத் துளையிட்டபோது இயற்கை எரிவாயு கிடைத்தது. உடனே நாடு முழுதும் விளக்கு எரிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வாயு, வாளியில் அள்ளி விற்கும் பொருளன்று. அதைக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். குழாய் போடப் பெரும் பணம் வேண்டும். அது ஏழை நாடு. ஆகவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தச் செல்வம் பூமிக்குள்ளேயே கிடந்தது. மேலே மக்கள் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினார்கள்; விறகிலும் கரியிலும் சமைத்தார்கள்.

அந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி அப்போது அணைக்கட்டுகளிலிருந்து வந்தது. மழை பெய்தால் மின்சாரம். மழை பொய்த்தால் இருட்டு. இந்த நிலையை மாற்றத்தான் உலக வங்கியின் கடனுதவியோடு குழாய் போட்டார்கள். கடலுக்கடியில் 25 கிலோமீட்டர், தரையில் 207 கிலோமீட்டர். 2004 ஜூலையில் வாயு தார் எஸ் சலாம் நகரத்தின் உபுங்கோ என்னும் இடத்திலிருந்த மின்நிலையத்தை வந்தடைந்தது. அதுவரை விலை கூடிய எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்த இயந்திரங்கள் சொந்த நாட்டு வாயுவில் ஓடத் தொடங்கின.

சரி, வாயு எப்படி மின்சாரமாகிறது? அந்தக் காலத்துச் சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுற்றினால் டைனமோ சுற்றும், விளக்கு எரியும். மின்நிலையத்திலும் அதே கதைதான். காற்றை உள்ளே இழுத்து நன்றாக அழுத்துகிறார்கள். அதில் வாயுவைக் கலந்து எரிக்கிறார்கள். எரிந்து விரிந்த சூடான காற்று, விசிறி போன்ற தகடுகளை வேகமாகச் சுழற்றுகிறது. அதே தண்டில் பூட்டிய பெரிய டைனமோவும் சுழல, மின்சாரம் பிறக்கிறது. விமானம் பறப்பதும் இதே வகை இயந்திரத்தால்தான். நிலக்கரியோடு ஒப்பிட்டால் இதில் கரியமில வாயு ஏறக்குறையப் பாதிதான் வெளியாகும், சாம்பலும் இல்லை.

2006-ல் கடும் வறட்சி வந்தது. அணைகள் வற்றின. நாடெங்கும் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். மழையை எதிர்பாராமல் ஓடியவற்றுள் உபுங்கோ நிலையமும் ஒன்று. அது மட்டும் போதவில்லைதான். ஆனால் அதுவும் இல்லாதிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இனிமேல் சொல்லப்போவதுதான் கதையின் முக்கியமான பகுதி. வாயு வந்த காலத்தில், அந்நாட்டு மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம் இருந்தது. குழாய் பல கிராமங்களின் ஓரமாகவே சென்றது. தலைநகர் போன்ற அந்தப் பெருநகரில் விளக்கு எரிந்தது. குழாய் புதைந்த மண்ணின் மேலே குடியிருந்தவன் வீட்டில் மண்ணெண்ணெய்தான் எரிந்தது. அந்தக் கிராமங்களுக்கும் மின்சாரம் தரவேண்டும் என்ற எண்ணம் இருந்தும், குழாய் ஓடிய வேகத்தில் கம்பி ஓடவில்லை.

இதைச் சொன்னபோது எனக்கு நான் வளர்ந்த தோட்டம் நினைவுக்கு வந்தது. மாலை ஆறரைக்கு என்ஜின் ஓடும். இரவு பத்துக்கு நின்றுவிடும். தோட்டத்து எல்லையிலோ நகரத்துக்குப் போகும் உயர்ந்த மின்கம்பிகள். பரீட்சைக் காலத்தில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து வைப்பார். பத்து மணிக்குப் பிறகு அதன் புகையில்தான் என் படிப்பு. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

தான்சானிய மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2005-ல் கிராமப்புற மின்சாரத்திற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மின்கட்டணத்திலிருந்து ஒரு சிறு பங்கைக் கிராமங்களுக்கு ஒதுக்கினார்கள். பின்னாளில் கிராமத்து வீட்டுக்கு இணைப்புக் கட்டணத்தை 27,000 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். அப்போதைய மதிப்பில் நம் பணத்தில் அது ஏறக்குறைய ஐம்பது வெள்ளி. அதன் பிறகுதான் ஓலை வீட்டிலும் தகர வீட்டிலும் விளக்கு எரியத் தொடங்கியது.

உபுங்கோ நிலையத்திடம் மின்சாரம் வாங்கும் இருபதாண்டு ஒப்பந்தம் 2024 அக்டோபர் 31-ல் முடிந்தது. அதே ஆண்டில், ருஃபிஜி ஆற்றில் கட்டிய 2,115 மெகாவாட் அணைக்கட்டு நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியிருந்தது. நிலையங்கள் வரும், போகும். வீட்டுக்கு வந்த கம்பி நிலைத்திருக்கும்.

ஆகவே, பெற்றோர்களே, மின்நிலையம் கட்டிவிட்டால் மட்டும் நாட்டில் வெளிச்சம் வந்துவிடாது. கடைசி வீட்டுக்குக் கடைசிக் கம்பத்தை நட்டால்தான் அது முழுமையாகும். அந்தக் கம்பம் கேட்காமல் வருவது அரிது. நம் லயங்களில் இருபத்துநான்கு மணி நேர விளக்கு எரிகிறதென்றால், அதைக் கேட்டு வாங்கிய பெரியவர்களை மறக்கலாகாது.

கேள்வி கேட்ட அந்த மாணவன் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தான். "ஐயா, அந்தக் கம்பி இழுக்கிற வேலைக்கு என்ன படிக்கணும்?" என்றான். கணிதமும் அறிவியலும் என்றேன். இன்றிரவு தொலைக்காட்சியைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். விளக்கு எரியட்டும், பிள்ளை அதனடியில் உட்கார்ந்து படிக்கட்டும்.