பூச்சி 'மருந்து': சொல்லும் விளைவும்

பயிரைத் தாக்கும் பூச்சிகளைக் கொல்லும் இரசாயனப் பொருள்களை 'மருந்து' என்றே கிராமங்களில் அழைக்கின்றனர். "வயலுக்கு மருந்து அடித்தாயிற்றா?" என்று கேட்பது வழக்கம். பழைய நாளிதழ்ச் செய்திகளிலும் இச்சொல்லே இடம்பெற்றது. இச்சொல்லால் வளர்ந்த சில தவறான பழக்கங்களை விவசாயிகள் அறிந்து விலக்குவது அவசியமாகும்.

செய்திகளில் மருந்து

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி. போன்ற இரசாயனங்கள் நம் நாட்டில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீடுதோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. புதிய பொருளுக்குப் பழகிய பெயர் ஒன்று தேவைப்பட்டது. தமிழில் மருந்து என்பது நோய் தீர்ப்பதை மட்டும் குறிப்பதன்று. எலி மருந்து, வெடிமருந்து என்றும் வழங்குகிறோம். எனவே கொசு மருந்து, பூச்சி மருந்து என்று எழுதியதில் மொழிப் பிழை இல்லை.

ஆனால் 'பூச்சி' என்ற அடைமொழி விடுபட்டு, 'பயிருக்கு மருந்து தெளிப்பு' என்று எழுதப்பட்டபோது பொருள் மாறியது. பூச்சிக்கு எமனான பொருள், பயிருக்கு நலம் தருவதாகத் தோன்றியது. அதன் நெடி தாக்கித் தொழிலாளி மயங்கி விழுந்தால் மட்டும், அதே பொருள் செய்தியில் 'விஷம்' ஆயிற்று. டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-லும், பி.எச்.சி. 1997-லும் தடை செய்யப்பட்டன. மருந்து என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சட்டம் கூறுவது

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, ஒவ்வொரு கலத்தின் மேலும் சாய்சதுர அடையாளம் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத் தன்மையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைந்த நச்சுத் தன்மை உடையது. சிவப்பு, மஞ்சள் வகைகளில் 'நஞ்சு' என்ற எச்சரிக்கையும் உண்டு. சிவப்பு வகையில் மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.

சொல் வளர்த்த பழக்கம்

நோய் வருமுன் மருந்து உண்பது போல, பூச்சி இல்லாதபோதே தெளிப்பதும், விரைவில் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டுவதும் காணப்படுகின்றன. இதனால் பூச்சிகளுக்கு எதிர்ப்புத் திறன் வளர்கிறது. நன்மை செய்யும் பூச்சிகள் அழிகின்றன. நெல்லில் செயற்கைப் பைரித்ராய்டு வகைகளைத் தெளித்த பின் புகையான் முன்னிலும் பெருகுவது இதற்கு நல்ல சான்று. புகையானை உண்ணும் சிலந்திகள் மடிவது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

கவனிக்க வேண்டியவை

1. தெளிக்கும் முன் வயலில் இறங்கித் தூர்களின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைப்பு ஒன்றுக்கு 2 புகையான் என்ற அளவை எட்டிய பிறகே தெளிக்கலாம். சிலந்தி இல்லையேல் கிளைப்புக்கு 1 என்பதே வரம்பு.

2. சிபாரிசு செய்த அளவுக்கு மேல் தெளிக்கக்கூடாது. பலவற்றை ஒன்றாகக் கலக்கவும் கூடாது.

3. கையுறை, முகக்கவசம் அணிந்து, காற்று வீசும் திசையிலேயே தெளிக்க வேண்டும். வெறுங்கையால் கலக்கக்கூடாது.

4. உணவுப் பொருள்களுக்கு அருகில் வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். காலி டப்பாக்களில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கக்கூடாது.

5. நச்சு தாக்கியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். டப்பாவையும் அதனுடன் வந்த துண்டுப் பிரசுரத்தையும் மருத்துவரிடம் காட்டினால், மாற்று மருந்து தர உதவியாக இருக்கும்.

இன்று வேளாண் வெளியீடுகளில் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, களைக்கொல்லி என்ற பெயர்களே கையாளப்படுகின்றன. இவை தம் வேலையைத் தாமே சொல்லும் சொற்கள். வீட்டிலும் வயலிலும் இப்பெயர்களைச் சொல்லிப் பழகினால், டப்பாவை எடுக்கும் கை சற்று எச்சரிக்கையாகவே எடுக்கும்; செலவும் குறையும், உயிருக்கும் பாதுகாப்பு.